நட்சத்திரக் குறி

பட்டரவாக்கத்தில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்
தகரக் கூரை போட்ட அச்சகத்தில்
மெய்ப்புப் பார்ப்பவள் நான்.
மெய் பார்ப்பது இல்லை.
மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்கிறதா என்று பார்ப்பது.

சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை, சத்துமாவு உருண்டை டப்பா.
'எண்ணெயில் வருக்காதது' என்று வந்தால்
வல்லின றகரம் போடுவேன்.
வறுத்தார்களா என்று கேட்க மாட்டேன்.
பொய்யில் எழுத்துப்பிழை இருக்கக் கூடாது,
அதற்குத்தான் மாதம் பத்தொன்பதாயிரம்.

'கொலஸ்ட்ரால் இல்லை' என்று வட்டமாக ஒரு முத்திரை.
கடலை மாவில் அது எப்போது இருந்தது?
எங்கள் வீட்டில் முதலை இல்லை என்று
வாசலில் போர்டு மாட்டுகிற மாதிரி.
(வெள்ளம் வந்த வருஷத்துக்கு அப்புறம்
இந்த ஊரில் அதையும் அடித்துச் சொல்ல முடியாது.)

டிசைனர் பையன் பெயர் ஆரோக்கியசாமி.
"பாக்கெட்டுல ஆரோக்கியம் எங்கே?" என்று யார் கேட்டாலும்
கையைத் தூக்குவான்.
இலை வைப்பது அவன் வேலை.
பச்சை இலை, நுனியில் பனித்துளி.
எந்தச் செடிடா இது என்றேன்.
"செடி இல்லக்கா, ஃபைல்."

முன்பக்கம் கேழ்வரகுக் கதிர் முழங்கை நீளத்துக்கு.
பின்பக்கம் கேழ்வரகு நான்கு சதவீதம்,
மீதியெல்லாம் எறும்பு அளவில்,
அதுவும் வெள்ளி நிறத் தாளில் வெள்ளை எழுத்து.
ஒரு பரிமாறல் இருபது கிராமாம்.
பாக்கெட்டோ ஐம்பத்தைந்து.
கணக்குப்படி அதை இரண்டே முக்கால் பேர் தின்ன வேண்டும்.
அந்த முக்கால் ஆளைத்தான்
நான் ரொம்ப நாளாகத் தேடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை வந்தது:
'இதயத்துக்கு இதம்'.
ம் எழுத்தின் தோளில் சின்னதாய் ஒரு நட்சத்திரக் குறி.
அந்த நட்சத்திரம் எங்கே போய் விழுகிறது என்று தேடினால்
மேல் ஓரத்தில், மெஷின் சூடாகக் கடித்து ஒட்டும்
பல்வரிசைக்கு உள்ளே கிடக்கிறது,
'சரியான உணவும் உடற்பயிற்சியும் சேர்ந்தால் மட்டும்.'

நாலு மில்லிமீட்டர் கீழே இறக்கவும் என்று
சிவப்புப் பேனாவில் எழுதினேன்.
பதினோரு வருஷத்தில்
எழுத்துப்பிழை அல்லாத ஒன்றை நான் சுழித்தது
அதுதான் முதல் தடவை.
மத்தியானம் திரும்பி வந்தது.
'கிளையன்ட் ஓகே. நீங்கள் மொழி மடும் பார்க்கவும்.'
கீழே தெய்வநாயகம் சாரின் கையெழுத்து.
விட்டுப்போன 'ட்' டைச் சேர்த்து
அனுப்பிவைத்தேன்.

ஆறு இருபது லோக்கல்.
"சூடு, சூடு" என்று சுண்டல்காரர் ஏறினார்.
அம்பத்தூர் தாண்டும்போதே ஆறிப்போயிருந்தது.
இருக்கட்டும்,
அந்தப் பொய்யை விரலால் தொட்டாவது பார்க்கலாம்.

எதிர் சீட்டில் ஓர் அம்மாள்,
மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டும் மாத்திரையும் வைத்த மஞ்சள் பை.
அதிலிருந்து எடுத்தார், எங்கள் பாக்கெட்.
சுண்டலைக் கையசைத்து வேண்டாமென்று சொல்லிவிட்டு
முன்பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார்.
நான் போட்ட றகரத்தில் ஒரு நொடி நின்றார்.

வாயைத் திறந்தேன்.
எங்கிருந்து ஆரம்பிப்பது?
அதற்குள் மேல் ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தார்.
கிழிந்தது சரியாக அந்த வாக்கியத்தின் குறுக்கே.
'மட்டும்' மட்டும் அவர் உதட்டில் கொஞ்சம் ஒட்டியிருந்து,
துப்பியதில்
திருமுல்லைவாயல் தாண்டி எங்கோ புதரில் போய் விழுந்தது.

"எடுத்துக்குங்கம்மா,
இது உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது" என்று நீட்டினார்.

ஒண்ணும் பண்ணாது.
இரண்டு முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன்.
வாக்கியத்தில் பிழை இல்லை.

இரண்டு எடுத்தேன். அப்புறம் இன்னும் இரண்டு.
உப்பு கொஞ்சம் தூக்கல்.
அண்ணனூரில் கை கழுவ இடமில்லாமல்
விரலைப் புடவையில் துடைக்கும்போதுதான் உறைத்தது,
அந்த முக்கால் ஆள் யாரென்று.